வடகிழக்கே ஒரு கரிசல் காடு

கனடாவின் சாஸ்கட்டூனுக்கு நாங்கள் வந்து இறங்கியது ஒரு ஜனவரியில். வெளியே மைனஸ் 38. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவார். இரண்டுமே இருட்டு நேரம். குடியேற்ற விண்ணப்பத்தில் அவர் முதன்மை விண்ணப்பதாரர், நான் உடன் வரும் மனைவி. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போடுவதைத் தவிர வாய் திறக்கிற வேலையே இல்லாத நாட்கள் உண்டு.

இங்கே என்னோடு முதலில் பேசியவர் பக்கத்து வீட்டு அம்மா. வயது எண்பதுக்கு மேல். வாசலில் பனி அள்ளத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டு, சூடாக பீட்ரூட் சூப் கொடுத்தார். அவருடைய பாட்டி, கிழக்கு ஐரோப்பாவின் கலீசியா பகுதியிலிருந்து கப்பலேறி வந்த உக்ரைனியப் பெண். அடுத்த இரண்டு மாதமும் எனக்கு அந்தப் பாட்டியின் கதைதான் துணை.

1872-ம் வருஷச் சட்டப்படி, 10 டாலர் கட்டினால் இந்தப் புல்வெளியில் 160 ஏக்கர் கிடைத்தது. மூன்று வருஷம், வருஷத்தில் ஆறு மாதமாவது அங்கே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்தினால் பட்டா. அது ஆணுக்குத்தான். சிறு பிள்ளைகளோடு நிற்கும் விதவை போன்ற சிலரை விட்டால், 1876-லிருந்து பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அதே காலத்தில் தெற்கே அமெரிக்காவில் கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரில் நிலம் கேட்க முடிந்தது.

ஆனால் அந்த ஆறு மாதம் அங்கே இருந்தது யார்? கையில் காசு இல்லாததால் ஆண்கள் ரயில் பாதை போடவும் சுரங்கத்துக்கும் போய்விடுவார்கள். மாடு, பிள்ளை, அடுப்பு எல்லாவற்றோடும் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் மனைவி. 1899-ல் ரஷ்யாவிலிருந்து வந்த டௌகோபர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில், இழுக்க மாடில்லாமல் பெண்களே வரிசையாக நின்று ஏர் இழுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் பாட்டி ஏர் இழுக்கவில்லை. முதல் குளிர்காலத்தை, தரையைத் தோண்டி மேலே மரமும் புல்கட்டியும் போட்டு மூடிய ஒரு குழிவீட்டில் கழித்தார். இரண்டு பிள்ளைகள், ஒரு பசு. கணவர் வசந்தத்தில்தான் திரும்பினார்.

மறுவருஷம் மரவீடு எழும்பியது. சுவருக்குக் களிமண்ணோடு வைக்கோலும் சாணியும் சேர்த்துப் பிசைந்து, பெண்கள் கையாலேயே பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார்களாம். அவர் இதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அம்மாச்சி வீட்டுத் திண்ணை அப்படிப் பூசியதுதான். வெள்ளிக்கிழமைதோறும் சாணி கரைத்து மெழுகுவார். என் கையை வைத்து அரைவட்டமாக இழுத்துக் காட்டினேன். அந்த அம்மாவும் தன் கையை அதே மாதிரி இழுத்துக் காட்டினார். அதன் பிறகு எங்களுக்குள் ஆங்கிலம் ஒரு தடையாகவே இல்லை.

முட்டை, வெண்ணெய் விற்ற காசு, காட்டில் மருந்துக்கான செனகா வேர் தோண்டி விற்ற காசு: பாட்டியின் கையில் புழங்கியது அவ்வளவுதான். பிள்ளைகளின் சட்டை மாவு மூட்டைத் துணியில் தைத்தது. பிரசவத்துக்கு மருத்துவர் வந்து சேர முடியாத தூரம். அயல் பண்ணைப் பெண்தான் மருத்துவச்சி. மூன்றாவது குழந்தை ஒரு வாரம்தான் இருந்ததாம். இதையெல்லாம் பாட்டி எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவருக்கு எழுதத் தெரியாது. நிலப் பத்திரத்திலும் தாத்தா பெயர் மட்டும்தான். கணவன் சொத்தில் மனைவிக்கு இருந்த பங்கையும் 1886-லேயே எடுத்துவிட்டார்கள். மனைவியைக் கேட்காமல் அவன் நிலத்தை விற்கலாம் என்ற நிலை, சாஸ்கட்டூன் இருக்கும் சாஸ்கட்செவன் மாகாணத்தில் 1915-ல்தான் மாறியது. பெண்களுக்கும் நிலம் வேண்டும் என்று 1913-ல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்டபோது அரசு மறுத்துவிட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த 160 ஏக்கர் சும்மா கிடந்த நிலம் இல்லை. காட்டெருமை அழிந்து, பசியில் அரசோடு ஒப்பந்தங்களுக்குள் தள்ளப்பட்ட பூர்வகுடி க்ரீ மக்களின் நிலம். இந்த ஊர் இருப்பது 1876-ல் கையெழுத்தான ஆறாம் ஒப்பந்த மண்ணில். அந்த மக்களின் பாட்டிகளுக்கு நடந்ததை அவர்கள் வாய்மொழியாகக் கேட்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மே மாதம் அந்த அம்மா எங்களைத் தன் பாட்டியின் பண்ணைக்குக் கூட்டிப்போனார். வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணம். மண்ணைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் காடு நினைவுக்கு வந்துவிட்டது, அத்தனை கருப்பு. வீடு இடிந்து ஒரு பள்ளம்தான் மிச்சம். அதன் ஓரத்தில் சிவப்புத் தண்டோடு ஒரு ருபார்ப் செடி முளை விட்டிருந்தது. பாட்டி வைத்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் இத்தனை வருஷம் தானே வந்துகொண்டிருக்கிறது.

வேர்க்கட்டையில் ஒரு துண்டை மண்வெட்டியால் பிளந்து என்னிடம் கொடுத்தார். “முதல் வருஷம் தண்டைப் பறிக்காதே, வேர் பிடிக்கட்டும். இலையை எப்போதும் தின்னாதே, விஷம்” என்றார்.

பறிக்கவில்லை. இரண்டாம் வருஷ ஜூனில் நான்கு தண்டை நறுக்கி, வெல்லமும் வரமிளகாயும் போட்டு மாங்காய்ப் பச்சடி மாதிரியே செய்தேன். புளிப்பு சரியாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்தார்.