அச்சு யார் கையில் இருக்கிறது

இன்று காலை ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் கொட்டகையில் நின்றிருந்தபோது, பூ அச்சின் ஓர் இதழ்த்தகடு பற்று விட்டுப் பிரிந்துவிட்டது.

"செத்த இருங்க தம்பி" என்ற பெரியவர், தாமே ஈயம் உருக்கி இதழைப் பொருத்தி, அச்சைக் கண்ணாடியின் மேல் வைத்து, சிவப்புச் சாந்தை ஊற்றி, அது அச்சின் அடுத்த கட்டத்துக்குள் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

கசியவில்லை.

மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா, அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ரிவியரா டூல் என்னும் அச்சுத் தொழிற்சாலையை 2015-இல் ஏன் வாங்கியது என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கதவையும் பானெட்டையும் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் அச்சுகளை வெளியாரிடம் செய்யக் கொடுத்தால், ஒரு வளைவைத் திருத்துவதற்குக்கூட அவர்களுடைய வரிசையில் காத்திருக்க வேண்டும்.

தானியங்கி உற்பத்தி இயந்திரங்கள் செய்யும் ஜெர்மனியின் குரோமான் நிறுவனத்தை வாங்கப்போவதாக டெஸ்லா 2016-இல் அறிவித்ததும் இதே வழியில்தான்.

சொந்தப் பட்டறை பெருஞ்செலவுதான்; வேலை குறைந்த மாதத்திலும் கைத்திறன் உள்ளவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் அந்தச் செலவு தகும் என்றே நினைக்கிறேன்.

பேட்டரி ஆய்வுக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அச்சு வெட்டக் கற்றுத்தரும் பட்டறைகளும் நம் பக்கம் பெருக வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.