கண்ணாடி கழுவும் தொழிலுக்கு ஏற்ற வண்டி

மட்டக்களப்பின் கல்லடியில் கடலைப் பார்த்து நிற்கும் கட்டடங்களின் கண்ணாடியில் விரலை இழுத்துப் பார்த்தால், பால் படர்ந்ததுபோல் உப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதை ஊறவைத்துக் கழுவாமல் வெறும் துணியால் தேய்த்தால், உப்போடு ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். ஆகவே எங்கள் தொழிலுக்கு வாகனம் தேடியபோது, நான் முதலில் கணக்குப் பார்த்தது தண்ணீரின் பாரத்தைத்தான்.

அங்குள்ள கிணற்று நீரையே பயன்படுத்தலாமே என்று பலர் கேட்டார்கள். உவர் கலந்த நீர் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்வதால், சுத்திகரித்த நீரை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. 300 லீற்றர் நீரென்றால் 300 கிலோ. தாங்கியும் ஏணியும் ஆட்களும் சேர்ந்தால் முச்சக்கர வண்டிக்கு அது பெரும்பாரம். அத்துடன், தாங்கிக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது பாதி நிரம்பிய நீர் முன்னே பாய்ந்து வண்டியையே தள்ளும். வாடகைக்கு எடுத்த ஒரு வண்டியில், காத்தான்குடியைக் கடக்கும்போது, அதை நெஞ்சு படபடக்க உணர்ந்தேன்.

வான் என்றால் கருவிகளைப் பூட்டி வைக்கலாம், மாரி மழையிலும் நனையாது. ஆனாலும் தாங்கியைத் தாழ்வாக வைத்துப் பட்டியால் இறுக்கவும், நீண்ட ஏணியை மேலே கட்டவும் வசதியான, ‘பட்டா’ எனப்படும் சிறிய திறந்த லொறியையே தெரிவுசெய்தேன். வாங்குமுன் வண்டியின் அடியில் படுத்து, அதன் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். முதல் வண்டியில் வர்ணத்தோடு துருவும் செதில் செதிலாக உதிர்ந்தது, அதை விட்டுவிட்டு இரண்டாவதை வாங்கினேன்.