‘மதிப்பு’ என்றதும் மார்க்: தொழில்முனைவு வினாப்படிவத்தைத் தமிழாக்கிய அனுபவம்

பொறியியல் கல்லூரிகளில் தொழில்முனைவுப் பாடம், ஐடியாத்தான், ஹேக்கத்தான் எல்லாம் வழக்கமாகிவிட்டன. 2018இல் மத்திய அரசின் இன்ஸ்டிடியூஷன்ஸ் இன்னோவேஷன் கவுன்சில் திட்டம் வந்தபிறகு வருடத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று கணக்கே உண்டு. இவற்றால் மாணவர்கள் யோசிக்கும் விதம் மாறியதா என்று கேட்டால், எடுத்துக்காட்ட வருகைப் பதிவும் போட்டோவும்தான் இருக்கும். அதை அளக்க முயல்பவர்களுக்கு, குறிப்பாக இந்தத் தலைப்பில் பிஎச்டி செய்யும் உதவிப் பேராசிரியர்களுக்கு, வினாப்படிவத்தைத் தமிழாக்க நாங்கள் வேலை செய்த வரிசையை இங்கே தருகிறோம். பாடம் ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். வினாப்படிவம் ஒரு வருடம் கேட்கும்.

எதை அளக்கப்போகிறோம் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ‘தொழில் தொடங்குவேன்’ என்ற எண்ணம் ஒன்று. அதற்கு அய்சன் 1991இல் முன்வைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு அடிப்படை. அதை வைத்து லின்யானும் சென்னும் 2009இல் ஸ்பெயின், தைவான் மாணவர்களிடம் சோதித்து வெளியிட்ட படிவத்தில் 20 கூற்றுகள்: மனப்பான்மைக்கு 5, சுற்றத்தாரின் ஆதரவுக்கு 3, தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு 6, எண்ணத்துக்கு 6. இன்னொன்று தொழில்முனைவு மனப்பாங்கு, அதாவது மைண்ட்செட். அமெரிக்காவில் கெர்ன் அறக்கட்டளை 2005இல் தொடங்கிய, பொறியியல் கல்லூரிகளுக்கான கீன் வலையமைப்பு இதை கியூரியாசிட்டி, கனெக்‌ஷன்ஸ், கிரியேட்டிங் வேல்யூ என மூன்றாகப் பிரிக்கிறது. வேலைக்குப் போய் அங்கேயே புதிதாக ஒன்றைச் செய்பவருக்கும் இது பொருந்தும். கேம்பஸ் பிளேஸ்மென்ட்டையே இலக்காக வைத்திருக்கும் வகுப்பில் எண்ணத்தை மட்டும் அளந்தால் பாடம் தோற்றதாகத்தான் தெரியும். இரண்டையும் கேட்கலாம், ஆனால் ஒன்றாகக் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கக்கூடாது. மொத்தம் 40 கூற்றுகளைத் தாண்டினால் கடைசிப் பக்கத்தில் வரிசையாக ‘3’ விழத் தொடங்கும்.

தமிழில் எதற்கு, பொறியியல் ஆங்கிலத்தில்தானே என்ற கேள்வி வரும். தமிழ்வழியில் படித்து வந்த இரண்டாமாண்டு மாணவர் தெர்மோடைனமிக்ஸ் பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிடுவார். தன் மனதைப் பற்றிய ஒரு நுட்பமான வாக்கியத்தை அதே வேகத்தில் படிப்பார் என்று நம்ப முடியாது. அவர் தடுமாறி ‘நடுநிலை’யில் டிக் செய்தால், அது தொழில்முனைவு குறைவு என்று அட்டவணையில் ஏறும்.

பிரிஸ்லின் 1970இல் எழுதிய திருப்பி மொழிபெயர்க்கும் முறையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தனித்தனியாக இருவர் தமிழாக்க வேண்டும். ஒருவர் பொறியியல் ஆசிரியர், மற்றவர் துறைக்குச் சம்பந்தமில்லாதவர். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழாக்கம் எவ்வளவு சொல்லுக்குச் சொல் இருக்கிறதோ, அவ்வளவு அழகாக அது ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும். மூலத்தோடு அச்சாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்தால், மாணவருக்குப் புரியாத தமிழைத்தான் அங்கீகரித்திருப்போம்.

கீன் பிரித்த அந்த மூன்று சொற்களையே பாருங்கள். கியூரியாசிட்டிக்கு ‘ஆர்வம்’ போட்டால் ‘எனக்கு இதில் இன்ட்ரஸ்ட் உண்டு’ என்று ஆகிவிடுகிறது; துருவிக் கேட்கும் குணம் காணாமல் போகிறது. ‘ஒன்று ஏன் இப்படி இயங்குகிறது என்று தெரியும்வரை விடமாட்டேன்’ என்று செயலாக எழுதினால்தான் நிற்கிறது. கனெக்‌ஷன்ஸ் என்பதற்குத் ‘தொடர்புகள்’ என்றால் ஆள் பழக்கம், சிபாரிசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூலம் சொல்வதோ வெவ்வேறு துறைச் செய்திகளை முடிச்சுப் போடுவதை. ‘மதிப்பை உருவாக்குதல்’ என்பது எல்லாவற்றிலும் மோசம். கல்லூரி மாணவருக்கு மதிப்பு என்றால் மார்க், இல்லாவிட்டால் மரியாதை. ‘நான் செய்வது அடுத்தவருக்கு உண்மையில் பயன்படுமா என்று கேட்டுப் பார்ப்பேன்’ என்று முழுவாக்கியமாகவே மாற்ற வேண்டியிருக்கிறது.

எண்ணக் கூற்றுகளிலும் இதே கதைதான். ‘நிறுவனம்’ என்றதும் கண்ணாடிக் கட்டடம். ‘தொழில்’ என்றால் அப்பா செய்யும் வேலை. ‘பிசினஸ்’ எல்லோருக்கும் புரியும், ஆனால் ஸ்டார்ட்அப்பை அதில் சேர்க்கலாமா என்று தயங்குவார்கள். முகப்பிலேயே ‘சொந்தத் தொழில் என்று இங்கே சொல்வது கடை, ஒர்க்‌ஷாப், ஸ்டார்ட்அப் எல்லாவற்றையும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. ‘நெருங்கிய குடும்பத்தினர்’ என்பதைவிட ‘வீட்டில்’ என்ற ஒரு சொல் போதும்.

எதிர்மறைக் கூற்றுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்பவர்களைப் பிடிக்க நான்கைந்து கூற்றுகளைத் தலைகீழாக எழுதுவது பாடப்புத்தக வழக்கம். தமிழில் ‘மாட்டேன்’, ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வேகமாகப் படிப்பவர் அதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவார். அதற்கு மேல் விடையே ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்றால் இரட்டை எதிர்மறை. பகுப்பாய்வில் இந்தக் கூற்றுகள் பொருளால் சேராமல் தனியே ஒரு காரணியாக, அதாவது சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரு தொகுப்பாகத் திரண்டு நிற்கும். அது மனப்பாங்கில் உள்ள பிரிவல்ல, வாக்கிய அமைப்பால் வந்தது. தலைகீழ்க் கூற்றுகளை எடுத்துவிட்டு, ‘இந்த வரிக்கு 2 என்று குறிக்கவும்’ போன்ற கவனச் சோதனை ஒன்றிரண்டு வைப்பது மேல்.

லின்யான், சென் மூலத்தில் 7 புள்ளி அளவுகோல். ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘பெரும்பாலும்’ என்று ஏழுக்கும் பெயர் வைக்கத் தமிழில் முயன்றால் நடுவில் எது பெரிது எது சிறிது என்று எழுதியவருக்கே குழப்பம் வரும். இரு முனைகளுக்கு மட்டும் சொல் கொடுத்து இடையில் எண்களை விடலாம், இல்லையென்றால் 5 புள்ளியாக்கிக் கட்டுரையில் அதைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கோளாறுகள் வெளியே வருவது மாணவரை எதிரில் உட்கார வைத்து உரக்கச் சிந்திக்கச் சொல்லும்போதுதான். ஒரு சுற்றுக்கு 6 பேர், ஒருவருக்கு 40 நிமிடம். தமிழ்வழி, ஆங்கிலவழி, டிப்ளமோ முடித்து நேரே இரண்டாமாண்டு சேர்ந்தவர், முதல் பட்டதாரி என்று கலந்து எடுக்க வேண்டும். ‘புரிகிறதா?’ என்று கேட்கவே கூடாது; ‘புரியுது சார்’ என்பதுதான் பதில். ‘இதை உங்க ஃபிரண்டுக்கு எப்படிச் சொல்வீங்க?’, ‘ஏன் 4 போட்டீங்க?’ என்று கேட்க வேண்டும். மூன்று சுற்றுகளுக்குக் குறைந்தால் போதாது, ஏனென்றால் முதல் சுற்றில் திருத்திய வாக்கியம் இரண்டாவதில் வேறொரு இடத்தில் இடறும். நிபுணர்களிடம் பொருத்தம் கேட்பது இதற்குப் பிறகு. ஒரு கூற்றை 6 நிபுணர்களில் 5 பேர் ஏற்றால் பொருத்த விகிதம் 0.83, 4 பேர் என்றால் 0.67. லின் 1986இல் சொன்ன 0.78 எல்லைக்கு அதனால்தான் ஒரே ஒருவர் மட்டும் மறுக்கலாம்.

எதிக்ஸ் குழுவின் அனுமதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தரவு எடுத்தபின் அனுமதி வாங்க வழியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி குழுவில் 7 முதல் 15 பேர், தலைவர் வெளியிலிருந்து வர வேண்டும். பல பொறியியல் கல்லூரிகளில் இப்படி ஒரு குழுவே கிடையாது. பல்கலைக்கழகத்தின் குழுவையோ வேறொரு கல்லூரியின் குழுவையோ எழுத்தில் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும். முதலாமாண்டில் 17 வயதினர் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் மாணவர் சம்மதமும் தனித்தனி. ஹாஸ்டல் மாணவரிடம் பெற்றோர் கையெழுத்து வாங்குவது சுலபமல்ல என்பதால் இரண்டாமாண்டிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் படிவம் கொடுக்கக்கூடாது, அறையிலும் இருக்கக்கூடாது. அவர் முன்னால் எழுதும் விடை அவருக்காக எழுதிய விடை.

பாடத்துக்கு முன், பின் இரு படிவங்களையும் பெயரில்லாமல் இணைக்க மாணவரே ஒரு குறியீடு உருவாக்குவார். அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, மொபைலின் கடைசி இரண்டு எண் என்பது வெளிநாட்டுக் கட்டுரைகளில் உள்ள முறை. இங்கே அது உடையும். சாந்தி ஆங்கிலத்தில் ஒருமுறை எஸ்-ஏ, இன்னொருமுறை எஸ்-ஹெச். சிலர் இனிஷியலில் தொடங்குவார்கள். இரண்டு சிம் வைத்திருப்பவர் எந்த எண்ணை எழுதினார் என்பதை மறப்பார். அம்மா பெயரின் முதல் எழுத்தைத் தமிழில், பிறந்த தேதி இரண்டு இலக்கம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, பத்தாம் வகுப்பு படித்த ஊரின் முதல் எழுத்து என்று மாறாதவற்றைக் கேட்டால் இணையாமல் போகும் படிவங்கள் குறையும்.

மாதிரி அளவில் பலரும் ஏமாறுவார்கள். ஆறு வகுப்பு, வகுப்புக்கு 40 என 240 பேர் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரே வகுப்பினர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை 0.05 மட்டும்தான் என்று வைத்தாலும் வடிவமைப்பு விளைவு, அதாவது வகுப்பு வகுப்பாக எடுத்ததால் மாதிரி எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 1 + (40 − 1) × 0.05 = 2.95. அதனால் வகுத்தால் 240 பேர் சுமார் 81 பேருக்குச் சமம். ஒரு வகுப்பைப் பாடம் எடுத்ததாகவும் இன்னொன்றை எடுக்காததாகவும் ஒப்பிட்டால் உண்மையில் இருப்பது இரண்டே அலகுகள். வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், தலைகளை அல்ல.

பகுப்பாய்வுக்கு எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஜாமோவி, ஆர் இரண்டும் இலவசம். காரணிகளைத் தேடுவது ஒரு மாதிரியில், உறுதிசெய்வது வேறொரு மாதிரியில். ஒரே தரவில் இரண்டையும் செய்த கட்டுரை மதிப்பாய்வில் அடிபடும். ஒரு காரணி எவ்வளவு விளக்குகிறது என்று காட்டும் ஐகன் மதிப்பு 1க்கு மேல் இருந்தால் போதும் என்ற விதி தேவைக்கு மேல் காரணிகளைத் தரும். தற்செயல் எண்களோடு ஒப்பிட்டுக் காரணிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யும் இணைப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா 0.95ஐத் தாண்டினால் சந்தோஷப்படாமல், ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்களின் சராசரியை ஒப்பிடும் ஆசை இருந்தால், முதலில் படிவம் இரு குழுவிலும் ஒரே மாதிரி இயங்குகிறதா என்று வடிவம் (அதே காரணிகளா), சுமை (கூற்று காரணியோடு சேரும் வலு), தொடக்க நிலை (கூற்றின் அடிப்படை மதிப்பு) என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். ஒரு படியில், காரணி அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ 0.01க்கு மேல் சரிந்தால் அதற்கு மேல் ஒப்பீடு கிடையாது. பள்ளி மொழியைப் பற்றிச் செய்தித்தாள் தலைப்பு போடத் தூண்டும் முடிவு இது என்பதால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

பாடம் முடிந்ததும் படிவத்தின் மதிப்பெண் குறைந்தால் பதற வேண்டாம். நெதர்லாந்தில் மாணவர் சிறு நிறுவனத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து ஊஸ்டர்பேக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தே இருந்தது. வாடிக்கையாளரிடம் போய்ப் பேசிப் பார்த்த மாணவர், ‘என்னால் முடியும்’ என்று ஜூலையில் போட்ட 5 எவ்வளவு அப்பாவித்தனம் என்று நவம்பரில் உணர்ந்து 3 போடுகிறார். நகர்ந்தது அவர் வைத்திருக்கும் அளவுகோல். கடைசிப் படிவத்தில் ‘பாடத்துக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்?’ என்ற பத்தியைச் சேர்த்தால் இந்த நகர்வு தெரியும். ஆசிரியரைத் திருப்திப்படுத்தும் ஆசை அதில் கலக்கும் என்பதால் முன்னால் எடுத்ததை விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவதும் தவறு. இறுதியாண்டினரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆகஸ்ட்டில் பிளேஸ்மென்ட் தொடங்கியதும் ஆஃபர் வந்தவர், வராதவர் என்று எண்ணமே இரண்டாகப் பிரியும், பாடத்தின் பங்கு எது என்று சொல்ல முடியாது.

மாடல் எக்ஸாம் வாரம், இன்டர்னல் முடிந்த மறுநாள், சிம்போசியம் நாட்கள் மூன்றையும் தவிர்த்து, காலை இரண்டாவது பீரியடில் 25 நிமிடம் கேட்டு வாங்குங்கள். கட்டுரையின் பின்னிணைப்பில் கூற்றுகளைத் தமிழிலும் மூலத்திலும் பக்கம் பக்கமாகக் கொடுங்கள். நீக்கிய கூற்றுகளையும், எந்தச் சுற்றில் எந்தச் சொல்லால் நீக்கினோம் என்பதையும் சேர்த்தே போடுங்கள். மூலப் படிவத்தின் ஆசிரியர்களிடம் வாங்கிய அனுமதி மின்னஞ்சலும் கோப்பில் இருக்கட்டும். கட்டுரை ஏற்கப்பட்டபின் இதழ் அதைக் கேட்கலாம்.