வெட்டுப்புள்ளி இல்லாத கல்லூரி

66 வயதானதும் லண்டனில் எனக்கு ஃப்ரீடம் பாஸ் கிடைத்தது. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு ரியூப் ரயில், பஸ் எல்லாம் இலவசம். ஆனால் முதல் ஆறேழு மாதம் அந்தப் பாஸ் போன இடங்கள் இரண்டுதான்: மகள் வீடு, ஆஸ்பத்திரி. மிச்ச நேரமெல்லாம் ஈஸ்ட்ஹாமில் வீட்டுக்குள் இருந்து யூடியூப்பில் ஊர் அரசியல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்பா, ஹோல்போனில ஒரு இடம் இருக்கு. மத்தியானம் ஒரு மணிக்குப் பேராசிரியர்மார் வந்து பேசுவினம். காசு கட்டத் தேவையில்லை. போய்ப் பாருங்கோ.”

காசு கட்டாத இடத்தில் யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால், அந்த இடம் 1597இலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறது. கிரஷாம் கல்லூரி. தாமஸ் கிரஷாம் என்ற வணிகர், முதலாம் எலிசபெத் அரசிக்குக் கடன் ஒழுங்கு செய்து கொடுத்தவர். ஒரே மகன் தனக்கு முன்பே இறந்துவிட, தன் சொத்தின் வருமானத்தில் லண்டன் மக்களுக்கு இலவசமாக விரிவுரை நடத்த வேண்டும் என்று மரணசாசனம் எழுதி வைத்தார். வானியல், கேத்திரகணிதம், சட்டம், இசை, மருத்துவம், சமயம், சொல்லணி என்று ஏழு துறைக்கு ஏழு பேராசிரியர்கள். அந்தக் காலத்தில் லத்தீனில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை என்று பேசினார்களாம். இன்றைக்கும் அந்த ஏழு பதவிகளும் இருக்கின்றன. புதிதாகச் சிலவும் சேர்ந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இந்தக் கல்லூரியில் மாணவர் பதிவு இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை.

ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவன் நான். தூயகணிதம், பிரயோககணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட அடிப்படையில் தரப்படுத்தல் வந்திருந்த காலம். வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்தன, அவ்வளவுதான். அடுத்த முறையும் அதே கதை. 1984இல் லண்டன் வந்து பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை. பிறகு ஓய்வு பெறும்வரை கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலை. தரப்படுத்தல் என்னை விட்டபாடில்லை என்று வேலையிடத்தில் நாங்களே பகிடி விடுவோம்.

சரி, பதிவு செய்த கதைக்கு வருகிறேன். பெயர் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது. அடுத்த பக்கத்தில் படிப்பைக் கேட்கும், என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் ‘நன்றி’ என்று வந்துவிட்டது. இன்னும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. அதிலும் ஒரு பிழை விட்டேன். நேரில் வருவதற்கு ஒரு ரிக்கெற், இணையத்தில் பார்ப்பதற்கு ஒரு ரிக்கெற் என்று இரண்டு வகை உண்டு. நான் எடுத்த இரண்டுமே இணையத்துக்கானவை. வாசலில் நின்ற பிள்ளை பட்டியலில் தேடிவிட்டு, கதிரை இருக்கிறது, போய் இருங்கள் என்று உள்ளே விட்டது. முதல் தடவை போகிறவர்கள் இதைக் கவனித்துப் பதியுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. சான்சரி லேன் ஸ்ரேஷனில் இறங்கினால் எதிரில் கறுப்பு மரச்சட்டம் போட்ட 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று பெரிதாக நிற்கும். அதுதான் கல்லூரி என்று நினைத்து அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றேன். அது வேறு. அதைத் தாண்டி ஹோல்போன் தெருவில் கொஞ்சம் நடந்தால் ஒரு ஒடுங்கிய பாதை உள்ளே போகிறது. அதற்குள்தான் பார்னாட்ஸ் இன் மண்டபம். 1991இலிருந்து கல்லூரி அங்கேதான். மரப்பலகை அடித்த சுவர், நிறக்கண்ணாடி யன்னல். நூறு பேர் இருந்தால் நிறைந்துவிடும் போல. முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சான்சரி லேனில் லிப்ற் இல்லை. நான் இப்போது வைற்சப்பலில் மாறி எலிசபெத் லைனில் ஃபாரிங்டன் போய் அங்கிருந்து நடக்கிறேன். கொஞ்சம் கூட நடை, ஆனால் படி இல்லை.

முதல் விரிவுரை சட்டம் பற்றியது. நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் பாதிதான் விளங்கியது. கடையிலும் வேலையிலும் பேசுகிற ஆங்கிலம் வேறு, அந்த மேடை ஆங்கிலம் வேறு. பேராசிரியர் ஒரு பகிடி சொன்னார், மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரும் நிறுத்திய பிறகு. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா, எண்பது வயதிருக்கும், என்னைப் பார்த்து, தனக்கும் அது விளங்கவில்லை என்றார். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீட்டுக்கு வந்து, இனிப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். மகள்தான் ஒரு வழி காட்டினாள். பேச்சை முழுக்க எழுத்தாகவும் கல்லூரி இணையத்தில் போடுகிறது, வீடியோவும் இருக்கிறது. ஆறுதலாக இருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். இரண்டாவது வாசிப்பில் அந்தப் பகிடி விளங்கியது. அவ்வளவு பெரிய பகிடியும் இல்லை. அன்றிலிருந்து என் ஒழுங்கு இதுதான்: போகுமுன் அதே பேராசிரியரின் பழைய பேச்சு ஒன்றைப் பார்த்து அவர் குரலுக்குக் காதைப் பழக்குவது, முன்வரிசையில் இடம் பிடிப்பது, வந்து எழுத்தில் வாசிப்பது. ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு எனக்கு இரண்டு நாள் தேவை. ஓய்வு பெற்றவனுக்கு நாளுக்கா பஞ்சம்?

நான் உண்மையில் பிடிபட்டது கேத்திரகணிதத்தில். அந்தப் பதவிக்கு நானூறு வருடத்துக்கு மேல் ஆண்களே வந்திருக்கிறார்கள். 2020இல் வந்த சாரா ஹார்ட்தான் முதல் பெண். நான் போன அன்று பேச்சு வளைகோடுகளைப் பற்றியது. திரையில் ஒரு கூம்பு. அதைச் சரித்து வெட்டினார்கள். பேச்சாளர் ஆங்கிலத்தில் பெயர் சொல்லுமுன் என் வாய் தானாக முணுமுணுத்தது: நீள்வளையம். பிறகு பரவளைவு, அதிபரவளைவு. ஐம்பது வருடம் யாரும் கேட்காத சொற்கள். எனக்குக் கணிதம் சொல்லித்தந்த வாத்தியார் சோக்கட்டி தேய்ந்த விரலால் கரும்பலகையில் இழுத்த கோடு அப்படியே தெரிந்தது. அன்று எனக்கு ஆங்கிலம் தேவைப்படவே இல்லை. மண்டபத்தில் முதலில் விளங்கிய ஆள் நானாகத்தான் இருக்கும்.

பேச்சு தொங்கும் சங்கிலிக்கு வந்தது. இரண்டு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி எந்த வடிவில் நிற்கும்? பார்த்தால் பரவளைவு மாதிரி இருக்கும். கலிலியோவும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று எழுதினார். ஆனால் இல்லை. 1691இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யொஹான் பெர்னூலி மூவரும்தான் அதன் சரியான சமன்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, இதே கேத்திரகணிதப் பதவியில் 1665இலிருந்து சாகும்வரை இருந்த ராபர்ட் ஹூக் அதன் பயனைக் கண்டுகொண்டார்: சங்கிலி எப்படித் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகப் பிடித்தால் கல் வளைவு அப்படி நிற்கும். வேறு யாரும் தட்டிக்கொண்டு போகக்கூடாதென்று இதைச் சொல்லும் லத்தீன் வாக்கியம் ஒன்றின் எழுத்துகளைக் கலைத்து 1675இல் அச்சிட்டார். பொல்லாத மனிதர்.

கேள்வி நேரம். கை தானாக உயர்ந்துவிட்டது, பிறகு இறக்க வெட்கம். தொங்குபாலத்துக் கம்பி பரவளைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது பிழையா என்று கேட்டேன். என் உச்சரிப்பு விளங்குமோ என்ற பயம் வேறு. விளங்கியது. பிழையில்லை என்று பதில் வந்தது. சங்கிலி தன் பாரத்தை மட்டும் தாங்குகிறது, அந்தப் பாரம் சங்கிலியின் நீளத்தோடு பரவியிருக்கிறது. பாலத்துக் கம்பி கீழே உள்ள பாதையைத் தாங்குகிறது, அந்தப் பாரம் கிடையாகச் சமமாகப் பரவுவதால் பரவளைவு வருகிறது. எங்கள் வாத்தியார் சரி.

இதைக் கேள்விப்பட்டு என் கூட்டாளி ஒருவர் தானும் வரவேண்டும் என்றார். கடை வைத்திருந்து ஓய்ந்தவர். ரியூப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணை, முடிவில சேர்ட்டிபிக்கேற் தருவினமோ?”

“தரமாட்டினம்.”

“அப்ப என்னத்துக்கு?”

சாப்பாட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. ஒரு மணி என்பது எங்களுக்குச் சோறு தின்கிற நேரம். பசியோடு இருந்தால் பாதிப் பேச்சு வயிற்றுக்குள் போய்விடும். ஈஸ்ட்ஹாமில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே போய், வெளியில் வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. பையை இறுக்கிக் கட்ட வேண்டும், அந்த மரமண்டபத்தில் ரோல்ஸ் மணம் நன்றாகப் பரவும்.

பிரிட்டிஷ் மியூசியத்திலும் தொண்டர்கள் இலவசமாகக் கூட்டிச்சென்று விளக்குகிறார்கள். ஆனால் நின்றுகொண்டே கேட்க வேண்டும், என் கால் விடவில்லை. போனால் 33ஆம் அறையில் நிற்கும் தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வத்தின் சிலையை மட்டும் பார்த்துவிடுங்கள். பொன் பூசிய வெண்கலம், 8ஆம் நூற்றாண்டு, எங்கள் கிழக்குக் கரையில் எடுத்தது. இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830இல் கொடுத்திருக்கிறார். யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

கூட்டாளி அன்றைய பேச்சில் கால்வாசி நித்திரை. முடிந்ததும் நேரம் இருந்தது, சென் போல்ஸ் தேவாலயம் வரை நடந்தோம். அதைக் கட்டிய ரென், ஹூக்கின் சிநேகிதர். அவரும் ஒருகாலம் கிரஷாமில் வானியல் பேராசிரியர். உள்ளே போவதற்குக் கேட்ட காசைப் பார்த்துவிட்டு, “அண்ணை, வெளியில நிண்டே பாப்பம்” என்றார் கூட்டாளி. படிக்கட்டில் இருந்து மிச்ச ரோல்ஸைப் பிரித்தோம். வெளியே தெரிகிற கூரை உச்சிக் கோபுரத்தின் பாரத்தைத் தாங்கவில்லை, உள்ளே மறைவாகச் செங்கல்லால் ஒரு கூம்பு இருக்கிறது, அதுதான் தாங்குகிறது, அந்தச் சங்கிலிக் கணக்கும் அதற்குள் இருக்கிறது என்று விளக்கினேன்.

அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் மென்றார்.

“அப்ப வெளியில கிடக்கிறது என்னத்துக்கு?”

“வடிவுக்கு” என்றேன்.