ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு படகு

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கயாக் ஸ்லாலமில் தங்கம் வாங்கியவர் பிரிட்டனின் ஜோ கிளார்க். அப்போது அவருக்கு 23 வயது. அடுத்த ஒலிம்பிக்கான டோக்கியோவுக்கு அவர் போகவே இல்லை. காயமில்லை, ஊக்கமருந்துப் பிரச்சினை எதுவும் இல்லை, ஓய்வும் பெறவில்லை. 2019 அக்டோபரில் லண்டன் பக்கம் லீ வேலியில் நடந்த பிரிட்டனின் தேர்வுப் பந்தயங்களில் பிராட்லி ஃபோர்ப்ஸ்-கிரையன்ஸ் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒலிம்பிக் சாம்பியனாச்சே, கூடவே அவரையும் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஸ்லாலமில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு படகுதான்.

இந்த விளையாட்டை நம் பக்கம் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீறி ஓடும் தண்ணீருக்கு மேலே பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை கேட்கள் தொங்கும், சிலவற்றை ஓட்டத்தோடும் சிலவற்றை ஓட்டத்தை எதிர்த்தும் கடக்க வேண்டும். கேட் கம்பியைத் தொட்டால் 2 வினாடி அபராதம், கேட்டை விட்டுவிட்டால் 50 வினாடி, அதாவது கதை முடிந்தது. கயாக் என்றால் உட்கார்ந்து இரட்டைப் பக்கத் துடுப்பு, கேனோ என்றால் மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பு. கே-1, சி-1 என்று முடிவுப் பட்டியலில் பார்த்தால் இதுதான் வித்தியாசம், எண் எத்தனை பேர் என்பதற்கு.

தகுதி பெறும் முறைக்கு வருவோம். பாரிஸ் 2024-க்கான ஸ்லாலம் இடங்களில் பெரும்பகுதி 2023 செப்டம்பரில் அதே லீ வேலியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பங்கிடப்பட்டது. கே-1 பிரிவில் 15 இடம், சி-1 பிரிவில் 12 இடம். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாடு ஒரு பிரிவுக்கு மூன்று பேரை இறக்கலாம், ஆனால் ஒலிம்பிக் கணக்கெடுக்கும்போது அந்த மூவரில் முதலில் வந்தவரை மட்டும்தான் எண்ணுவார்கள். பிரான்ஸ்காரர்கள் மூன்று பேர் முதல் பத்துக்குள் வந்தாலும் பிரான்சுக்கு ஒரு இடம்தான், பின்னால் நிற்கும் நாடுகள் இரண்டு படி மேலே ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு கண்டத்துக்கும் தனியாக ஒரு தகுதிச் சுற்று உண்டு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டு அந்த இடத்தைப் பிடித்தவருக்கு அது சொந்தமில்லை, நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்குச் சொந்தம். நம்மூர்க் கூட்டணியில் தொகுதியைக் கட்சிக்கு ஒதுக்குவார்கள், வேட்பாளர் யார் என்று கட்சி பிறகு முடிவு செய்யும் இல்லையா, அதே கதைதான். ஊருக்குத் திரும்பி வந்து உள்நாட்டுத் தேர்வில் மறுபடியும் ஜெயிக்க வேண்டும். பல நாடுகளுக்கு இந்த இரண்டாவது கட்டம் ஒரு சடங்கு. ஸ்லோவாக்கியா, செக், பிரான்ஸ், பிரிட்டன் மாதிரி நாடுகளில் மட்டும் அது ஒலிம்பிக் இறுதிப் போட்டியைவிடக் கடினம் என்பது என் கணிப்பு.

ஸ்லோவாக்கியாவையே பாருங்கள். இருவர் ஓட்டும் கேனோவில் ஹோஹ்ஷோர்னர் இரட்டையர்கள் 2000, 2004, 2008 என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கினார்கள், 2012-ல் வெண்கலம். அதே காலத்தில் அதே நாட்டில் லாடிஸ்லாவ், பீட்டர் என்று ஷ்காந்தார் குடும்பத்துப் பங்காளிகள் இருவர் உலகத்தரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், இரட்டையர்கள் இருக்கும்வரை ஒலிம்பிக் வாசலை மிதிக்க முடியவில்லை. ஒருவழியாக 2016-ல் அந்த ஒற்றை இடம் இவர்களுக்கு வந்தது. முப்பதைத் தாண்டிய வயதில் முதல் ஒலிம்பிக், நேராகத் தங்கம். அதற்கப்புறம் அந்தப் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், பெண்களுக்கான சி-1 பிரிவுக்கு இடம் வேண்டும் என்பதால். அந்த மாற்றம் நியாயமானதுதான், ஆனால் ஷ்காந்தார்கள் இன்னும் நாலு வருடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பகீரென்கிறது.

அதே ரியோவில், மிகால் மார்ட்டிகானும் இல்லை. 1996 அட்லாண்டாவில் 17 வயதில் சுதந்திர ஸ்லோவாக்கியாவின் முதல் தங்கத்தை வாங்கிய மனிதர், ஐந்து ஒலிம்பிக் போய் ஐந்திலும் பதக்கத்தோடு வந்தவர். அவருக்குப் பதில் மத்தேய் பெனுஷ் போனார், வெள்ளி வாங்கினார். தேர்வு தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. செக் நாட்டின் வீட் ப்ரிண்டிஷ் 2022-ல் கே-1 உலக சாம்பியன், ஆனால் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனது யிரி ப்ரிஸ்காவெட்ஸ். அவர் டோக்கியோவில் தங்கமே வாங்கிவிட்டதால் அங்கேயும் வாதாட இடமில்லை.

சரி, இவ்வளவு வயிற்றெரிச்சல் தரும் விதியை ஏன் வைத்திருக்கிறார்கள்? பதில், பெஞ்சமின் பூக்பெட்டி. பிரான்சில் பிறந்தவர், அப்பா டோகோ நாட்டுக்காரர். பிரெஞ்சு அணியில் இடம் பிடிப்பதற்குள் தலைமுடி நரைத்துவிடும், அவர் டோகோவுக்காக ஓட்டினார். 2008 பெய்ஜிங்கில் கே-1 வெண்கலம், டோகோவின் வரலாற்றில் முதல் ஒலிம்பிக் பதக்கம். சந்தோஷத்தில் துடுப்பை இரண்டாக உடைத்துவிட்டார், அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நாட்டுக்கு மூன்று பேர் என்று திறந்துவிட்டால் ஐந்தாறு ஐரோப்பிய நாடுகளே போட்டிப் பட்டியலை நிரப்பிவிடும், பூக்பெட்டி மாதிரி ஒருவர் உள்ளே வருவதே கஷ்டம்.

ஆனால் நாடு மாறுவதும் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. அதே பெய்ஜிங் பந்தயத்தில் பூக்பெட்டிக்கு முன்னால் வந்து வெள்ளி வாங்கிய பிரான்சின் ஃபாபியன் லெஃபெவ்ர் பிற்பாடு அமெரிக்காவுக்குப் போனார். 2014-ல் மேரிலாந்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவுக்காக சி-1 தங்கமே வாங்கினார். உலக சாம்பியன்ஷிப்புக்குக் குடியுரிமை கட்டாயமில்லை, ஒலிம்பிக்குக்குக் கட்டாயம். நேரத்துக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை, ரியோ போச்சு.

விதி இருக்கும் இடத்தில் சந்தும் இருக்கும். 2012 லண்டனில் இருவர் கேனோவில் பிரிட்டனுக்கு இரண்டு படகுகள் எப்படி வந்தன என்று அப்போது நான் குழம்பியிருக்கிறேன். டேவிட் ஃபுளோரன்ஸ் சி-1 பிரிவிலும் ரிச்சர்ட் ஹவுன்ஸ்லோ கே-1 பிரிவிலும் ஏற்கெனவே அணிக்குள் இருந்தார்கள், உள்ளே வந்துவிட்ட இருவர் சேர்ந்து இன்னொரு படகு ஓட்டினால் அணியின் தலைக்கணக்கு அதிகமாகாது, அதனால் விதி தடுக்கவில்லை. விளைவு, டிம் பெய்லியும் எட்டியென் ஸ்டாட்டும் தங்கம், இவர்கள் வெள்ளி. ஒரே நாட்டுக்கு இரண்டும்!

பாரிசில் இந்தச் சந்து ஒரு கதவாகவே ஆனது, காரணம் கயாக் கிராஸ் என்ற புதுப் பிரிவு. நாலு பேர் உயரமான சரிவு மேடையிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்து, இடித்துத் தள்ளிக்கொண்டு, நடுவில் ஓரிடத்தில் படகோடு ஒரு முழுக்கு உருண்டு எழுந்து போகும் கூத்து அது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. கே-1, சி-1 வழியாக வந்தவர்களே இதிலும் இறங்கலாம், அதுபோக இதற்கென்றே ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று என்று கூடுதல் இடங்கள் ஒதுக்கி 2024 ஜூனில் பிராக் நகரில் தகுதிப் போட்டி வைத்தார்கள்.

அந்த மூன்றில் ஒன்றைப் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் நோமி ஃபாக்ஸ். அக்கா ஜெசிக்கா ஃபாக்ஸ் இந்த விளையாட்டில் யாரென்று தெரிந்தால்தான் நோமியின் நிலைமை புரியும். ஜெசிக்கா 2012-லிருந்து எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கம், டோக்கியோவில் பெண்கள் சி-1 பிரிவின் முதல் தங்கம். அப்பா ரிச்சர்ட் ஃபாக்ஸ் பிரிட்டனின் உலக சாம்பியன், அம்மா மிரியம் பிரான்சுக்காக அட்லாண்டாவில் வெண்கலம் வாங்கியவர், இப்போது மகள்களின் பயிற்சியாளர். நோமி வேறு நாட்டில் பிறந்திருந்தால் எப்போதோ ஒலிம்பிக் போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் கே-1 இடமும் சி-1 இடமும் அக்காவிடம், அதுவும் நியாயமாகவே அக்காவிடம். பிராக்கில் திறந்தது மூன்றாவது வழி.

பாரிசில் ஜெசிக்கா கே-1, சி-1 இரண்டிலும் தங்கம் வாங்கினார். கயாக் கிராஸ் ஹீட்ஸில் அக்காவும் தங்கையும் ஒரே பந்தயத்தில் மாட்டிக்கொள்ள, அக்கா வெளியே போனார், தங்கை மேலே போனார். ஆகஸ்ட் 5 இறுதிப் போட்டியில் நோமிக்குத் தங்கம், ஜெசிக்கா தண்ணீரில் குதித்துப் போய்க் கட்டிப்பிடித்தார். முதலில் சொன்ன ஜோ கிளார்க்கும் இதே கதவு வழியாகத்தான் பதக்க மேடைக்குத் திரும்பினார், கே-1 பிரிவில் பதக்கம் இல்லை, கயாக் கிராஸில் வெள்ளி.

நேர்கோட்டில் ஓட்டும் ஸ்பிரிண்ட் பந்தயங்களில் இந்த நெருக்கடி குறைவு, ஒற்றையர், இருவர் படகுகளில் ஒரு நாடு இரண்டு வரை இறக்கலாம், நியூசிலாந்தின் லிசா காரிங்டனும் எய்மி ஃபிஷரும் பாரிசில் ஒரே கே-1 500 மீட்டரில் ஓட்டினார்கள். ஸ்லாலமுக்கும் இதைக் கொண்டுவரலாமே என்று பலகாலமாக எனக்கு ஒரு நப்பாசை, குறைந்தது நடப்பு ஒலிம்பிக் சாம்பியனுக்காவது ஒரு தனி இடம். தடையாக நிற்பது மொத்த எண்ணிக்கை. பாரிசில் கயாக், கேனோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கியது 318 பேர், அதில் ஸ்லாலமுக்கு 82 தான். கூடுதலாக ஒரு சாம்பியனை உள்ளே விட்டால், கண்டத் தகுதிச் சுற்றில் வரும் யாரோ ஒருவரைத்தான் வெளியே நிறுத்துவார்கள், ஸ்பிரிண்டில் கை வைக்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் 2028 ஸ்லாலம் போட்டிகள் லாஸ் ஏஞ்சலிசில் இல்லை, ஓக்லஹோமா சிட்டியில். அதற்கு முன்னால் பிராடிஸ்லாவாவிலும் பிராக்கிலும் லீ வேலியிலும் நடக்கப்போகும் உள்நாட்டுப் பந்தயங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.