மயக்கம் தெளியும் நேரம்

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “அப்பா வேணும்” என்று மகள் அழுதாள்.

எழும்பூரில் இன்று அவளுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தும், அந்த அழுகையின் முன் அச்சொல் எனக்குத் துணை நிற்கவில்லை.

செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயு பெறும் சிறு குழந்தைகள் சிலர், அதிலும் 2 முதல் 5 வயதுக்குட்பட்டவர்கள், விழிக்கும்போது இப்படி ஆளறியாமல் துடிப்பதுண்டு என்றும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும் என்றும் செவிலியர் பொறுமையாக விளக்கினார்.

நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழல் குத்திய கை மடங்காமலிருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

அட்டைக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பற்றிக்கொண்டு அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் கழித்து அவ்விரல்கள் என் சுண்டுவிரலை இறுகப் பிடித்தன.

உடன் ஒருவர்தான் இருக்கலாம் என்றால், அது தாய்தான் என்று நம் குடும்பங்களில் பேசாமலே முடிவாகிவிடுகிறது. கைக்குழந்தையோடு மனைவி வீட்டில் இருக்க நேர்ந்ததால்தான் எனக்கு இந்த இடம் கிடைத்தது. சாப்பாட்டுப் பையுடன் மாடிப்படியில் காத்திருக்கும் தந்தையர் அனைவருக்கும் இது கிடைக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

இரவு இட்லி தரலாம் என்றிருக்கிறார்கள். சர்க்கரை தொட்டுத்தான் வேண்டுமாம்.