பழைய தமிழ்க் கோப்புகளுக்குள் தேட வழிசெய்த அனுபவம்

ஒரு கோப்பு கணினியில் இருப்பது வேறு, அதற்குள் இருக்கும் சொல்லைக் கணினியால் தேடி எடுக்க முடிவது வேறு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டுரைகளும் கடிதங்களும் குறிப்புகளும் ஸ்கேன் செய்த பக்கங்களும் என் வன்தட்டில் கோப்புறை வாரியாக ஒழுங்காகவே இருந்தன. ஆனாலும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் அவற்றில் பெரும்பகுதி முடிவுகளில் தலைகாட்டவே இல்லை. கட்டற்ற மென்பொருள்களையும் சில சிறிய பைத்தான் நிரல்களையும் மட்டும் கொண்டு இந்த நிலையை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்று பார்ப்பதை ஓய்வு நேர வேலையாக எடுத்துக்கொண்டேன். அதில் இதுவரை கைகூடியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோப்பின் பெயரைக் கொண்டு தேடுவது எளிதாக முடிந்துவிட்டது. விண்டோஸில் எவ்ரிதிங் என்ற சிறிய செயலி, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைந்த வட்டு தன் கோப்புகளைப் பற்றி வைத்திருக்கும் முதன்மைப் பட்டியலை நேரடியாகப் படித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லாததால், தட்டச்சு செய்து முடிப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. தமிழில் நீண்ட பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே அனுமதிக்கின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும்.

உண்மையான வேலை கோப்புகளின் உள்ளே இருந்தது. எதையும் மாற்றத் தொடங்கும் முன் மூலக் கோப்புகள் அனைத்தையும் தனி வட்டில் படியெடுத்து, எழுத முடியாதபடி பூட்டி வைத்தேன். வேலை செய்யும் படியை உரைக் கோப்புகளாக மாற்றிக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியிடம் ஒப்படைத்தேன். நிரலாளர்களுக்காக உருவான கருவிதான் என்றாலும், ஒரு திருத்த விதியை ஆயிரம் கோப்புகளில் ஓடவிட்ட பிறகு எந்த வரியில் எந்தச் சொல் எப்படி மாறியது என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. இயல்புநிலையில் அது தமிழ்ப் பெயர்களை எண்களாகக் காட்டும். அமைப்புகளில் அதற்கென உள்ள மேற்கோள் விருப்பத்தை அணைத்துவிட்டால் பெயர்கள் தமிழிலேயே தெரியும்.

வேர்டு கோப்புகளை உரையாக மாற்றுவதற்கு லிப்ரே ஆபீஸ் போதும். அதைத் திரையில் திறக்காமலே கட்டளை வரியிலிருந்து இயக்கி, ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். அடுத்து, ரிப்கிரெப் என்ற தேடல் கருவியிடம் ஒரு கேள்வியைக் கேட்டேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத கோப்புகள் எவை என்பதே அந்தக் கேள்வி. தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்த எந்தக் குறியையும் குறிக்கும் வடிவம் அதில் இருக்கிறது, பொருந்தாத கோப்புகளை மட்டும் பட்டியலிடும் விருப்பமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, திறந்தால் தமிழாகத் தெரிந்தும் உள்ளே தமிழே இல்லாத கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. அவையெல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை.

பாமினியில் 'தமிழ்' என்ற சொல் சேமிக்கப்படும் விதத்தைப் பார்த்தாலே சிக்கல் விளங்கிவிடும். கோப்பில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவங்களை வரைகிறது. ஆகவே கணினிக்கு அது தமிழ் அல்ல. இந்தக் குறிகளை ஒருங்குறிக்கு, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோடு தரத்துக்கு, மாற்றும் அட்டவணையை எழுதுவது கடினமில்லை என்றாலும், அதில் வரிசை முக்கியம். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தட்டச்சு செய்யப்படும், ஒருங்குறியிலோ அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். எனவே கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்த 'கொ' போன்ற நீண்ட தொடர்களை முதலில் மாற்றி, அதன் பிறகே 'கெ' போன்ற குறுகியவற்றை மாற்ற வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணங்களில் உரையை அப்படியே மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் சிதைந்துவிடும். அதற்கு வேர்டு கோப்பின் அமைப்பே கைகொடுத்தது. புதிய வகை வேர்டு கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. அதற்குள் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில், உரையின் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதும் பதிவாகியிருக்கும். பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றி மற்றவற்றைத் தொடாமல் விடும்படி நிரலை அமைத்தேன். எழுத்துருவின் பெயர் துண்டில் இல்லாமல் பத்தியின் பாணியில் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும் இடங்களும் உண்டு என்பதால், நிரல் அங்கேயும் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த முயற்சியில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த பகுதி இதற்கு அடுத்து வந்தது. பாமினியில் துணைக்காலும் 'ர்', 'ரி' ஆகியவற்றின் அடிப்பகுதியும் ஒரே விசையில்தான் இருக்கின்றன, கண்ணுக்கு இரண்டும் ஒரே உருவம் என்பதால் அன்று அது போதுமானதாக இருந்தது. இதைக் கருதாமல் எழுதப்பட்ட மாற்றிகள் 'அவர்கள்' என்பதை 'அவா்கள்' என்றும், 'பெரிய' என்பதைப் 'பொிய' என்றும், 'சேர்ந்த' என்பதைச் 'சோ்ந்த' என்றும் ஆக்கிவிடுகின்றன. படிப்பவர் கண்ணுக்கு இவை பெரும்பாலும் சரியாகவே தெரியும், சில எழுத்துருக்களில் மட்டும் புள்ளி கொஞ்சம் விலகி நிற்கும். தேடலுக்கோ அவை முற்றிலும் வேறு சொற்கள். இதே வகையில் 'வெளி' என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பும் ளகரமும் ஔகாரக் குறியாகிவிட, அதன் பின்னால் ஓர் இகரக் குறி பற்றிக்கொள்ள இடமின்றி நிற்கும். இணையத்திலிருந்து எடுத்துச் சேமித்த செய்திகளிலும் கட்டுரைகளிலும் இந்தப் பிழைகள் ஏராளமாகக் கிடந்தன.

இவை அனைத்தையும் ஒரே விதியால் பிடிக்க முடிந்தது. தமிழில் ஒரு மெய்யின்மேல் ஓர் உயிர்க்குறி ஏறலாம், அல்லது புள்ளி ஏறலாம். ஒரு குறியைத் தொட்டபடி இன்னொரு குறியோ புள்ளியோ வருவதற்கு இடமே இல்லை. ஆகவே இரண்டு குறிகள் அடுத்தடுத்து நிற்கும் இடம் எதுவாக இருந்தாலும் அது பழுதுபட்ட இடம் என்று துணிந்து சொல்லலாம். ஒரே ஒரு தேடல் வடிவத்தை வட்டு முழுவதும் ஓடவிட்டபோது அத்தகைய சொற்கள் அனைத்தும் அகப்பட்டன. திருத்துவதும் அதே அளவுக்குத் தெளிவானது. காலும் புள்ளியும் சேர்ந்து நின்றால் 'ர்', காலும் இகரக் குறியும் சேர்ந்து நின்றால் 'ரி', ஓகாரக் குறியோடு புள்ளி நின்றால் ஏகாரக் குறியும் அதையடுத்து 'ர்' என்ற எழுத்தும், ஔகாரக் குறியை அடுத்து இன்னொரு குறி நின்றால் எகாரக் குறியும் ளகரமும். அகராதி தேவையில்லை, ஊகம் தேவையில்லை. எழுத்திலக்கணத்தின் மிக அடிப்படையான ஒரு விதி இத்தனை கோப்புகளை மீட்டுத் தருவதைக் காண்பது எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

இந்த விதியை ஓட்டுவதற்கு முன் இன்னொரு வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஒருங்குறியில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. ஆனால் அந்தத் தரத்தை மதித்து இரண்டையும் ஒன்றாக எண்ணாத கருவிகளில், ஒரு விதமாக எழுதித் தேடினால் மற்ற விதத்தில் உள்ளது அகப்படாது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தின் வழியே உரையைச் செலுத்தினால் எல்லாம் ஒற்றைக் குறியாகிவிடும், பைத்தானில் இது ஒரே வரி. இதைச் செய்யாமல் மேற்சொன்ன விதியை ஓட்டினால், பிரிந்து நிற்கும் கொம்பும் காலும்கூடப் பழுதாகத் தெரியும்.

இயல்பாக்கத்தாலும் ஒன்றுபடாத சில உண்டு. 'ஔ' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் அது இரண்டு எழுத்துகளாகவே இருக்கும். 'ஸ்ரீ' என்பதை ஶகாரம் கொண்டும் ஸகாரம் கொண்டும் எழுதலாம், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளும் சொற்களின் நடுவே ஒளிந்திருந்தன. இவற்றுக்குத் தேடல் பட்டியலில் மட்டும் செயல்படும் ஒரு சிறிய மாற்று அட்டவணையை வைத்துக்கொண்டு, மூல உரையைத் தொடாமல் விட்டேன்.

பிடிஎஃப் கோப்புகள் தனி உலகம். ஒருங்குறியில் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப்பிலிருந்துகூட உரையைப் படியெடுத்தால் கொம்புகள் இடம் மாறியும் எழுத்துகள் விடுபட்டும் வருவது வழக்கம். அதனுள் சேமிக்கப்படுவது எழுத்துருவின் உருவங்கள்தான், அவற்றை மீண்டும் எழுத்துகளாக்கும் அட்டவணை பல கோப்புகளில் முழுமையாக இருப்பதில்லை. அத்தகைய கோப்புகளில் உள்ளே இருக்கும் உரையை நம்புவதைவிட, பக்கத்தைப் படமாகக் கொண்டு எழுத்துணரியால் படிக்க வைப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கு டெசராக்ட் நன்றாக உதவுகிறது. 1980களில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் உருவாகி 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இந்தக் கருவி, 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னல் முறையில் எழுத்துகளை அடையாளம் காண்கிறது. தமிழுக்கான பயிற்சிக் கோப்பில் வேகமானது, துல்லியமானது என இரு வகைகள் உண்டு. இரவில் தானாக ஓடும் வேலைக்கு வேகம் ஒரு பொருட்டல்ல என்பதால் நான் துல்லியமானதையே வைத்துக்கொண்டேன். ஸ்கேன் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது இருந்தால், அச்சு தெளிவாக உள்ள பக்கங்களில் விளைவு நம்பிக்கையோடு தேடும் அளவுக்கு இருக்கிறது. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற துணைக்கருவி, சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தி, படித்த உரையைப் படத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகப் பதித்துத் தருகிறது. பக்கம் பழையபடியே தோன்றும், தேடினால் சொல்லும் அகப்படும். இரண்டு பத்தி இதழ்ப் பக்கங்களில் மட்டும் பக்க அமைப்பு விருப்பத்தை மாற்றிப் பார்த்து, வரிகள் குறுக்கே கலக்காத அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் ஒருங்குறியான பிறகு தேடும் முறையிலும் ஒரு நல்ல உத்தி கிடைத்தது. தமிழில் 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டை' என்பவை வராது, சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறிவிடுகிறது. ஆனால் ஒருங்குறியில் 'டு' என்பது டகரமும் உகரக் குறியும், 'ட்' என்பது டகரமும் புள்ளியும். ஆகவே கடைசிக் குறியை விட்டுவிட்டு 'வீட' என்று மட்டும் கொடுத்தால் ரிப்கிரெப் மூன்றையும் எடுத்துத் தருகிறது. 'ஆற' என்று கொடுத்தால் ஆறும் ஆற்றங்கரையும் ஆற்றில் ஓடும் நீரும் வந்துவிடும், 'ஆறுதல்' என்பதும் கூட வரும் என்பது உண்மைதான். 'மர' என்று தேடினால் மரபும் மரணமும் நிறைய வருவதால், அடுத்து 'ம்' அல்லது 'த்த' வர வேண்டும் என்று வடிவத்தில் சேர்த்துவிடுகிறேன். எழுத்தின் பாதியில் நிறுத்திப் பொருத்தாத செயலிகளில் இது பலிக்காது, கட்டளை வரித் தேடலில் மிக நன்றாகப் பலிக்கிறது.

இப்போது கையில் எடுத்திருப்பது, இந்த உரைகளில் வரும் ஊர்ப்பெயர்களுக்கும் நூற்பெயர்களுக்கும் ஒரு சொல்லடைவு. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வந்துவிடுகின்றன. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ' என்பதற்கும் பிறகு போய் நிற்கிறது. பல மொழி உரைகளைக் கையாள உதவும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் அடுக்கு விதியைப் பைத்தானிலிருந்து அழைத்தபோது மெய் முதலிலும், னகரம் தமிழ் மெய்களின் கடைசியிலும் வந்து, அகராதி வரிசை அமைந்தது. சொல்லடைவின் ஒவ்வொரு பதிவோடும் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்க்கும் நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் பக்கங்களுக்கு வரி எண்ணுக்குப் பதில் பக்க எண்ணை எடுக்கும் பகுதி மட்டும் இன்னும் மீதமிருக்கிறது.